மாஸ்க் போடாத ஒரே ஆள்

இந்த நாட்டில் பஸ்ஸில் நியாயம் பேசுகிற ஆளைத்தான் முதலில் இறக்கிவிடுவார்கள். யாரோ சொல்லிக் கேட்டதல்ல, இறக்கிவிடப்பட்டவளே நான்தான்.

கொரோனாக் காலம். சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் எனக்கு வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் மாஸ்க் போடும் முறையை விளக்கி விளக்கி, தூக்கத்திலும் "மூக்கை மூடுங்க" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் அக்கா மகளுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். குழந்தையின் வெள்ளை உடுப்பும் என் பையில்தான் இருந்தது. சர்ச்சுக்குள் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தம்புள்ளையில் பஸ் ஏறி, பையை மேல்தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பற்றிக்கொண்டு வந்தது. பஸ் நிறைய மாஸ்க், ஒன்றுகூட மூக்கில் இல்லை! ஒருவருக்குத் தாடையில், ஒருவருக்கு முழங்கையில். முன்சீட்டு அம்மா மாஸ்க்கை மடியில் விரித்து, அதில் கடலையைக் கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் (சத்தியமாக!). பக்கத்தில் வெங்காய மூட்டையோடு இருந்த அண்ணனுக்குத் தும்மல் வந்தது. தாடையில் கிடந்த மாஸ்க்கையும் கழுத்துக்கு இறக்கிவிட்டு, என் பக்கம் திரும்பித் தும்மினார்.

"அண்ணே, தும்முறப்பவாவது அதப் போடக்கூடாதா?"

"உள்ள தும்முனா மாஸ்க் அழுக்காயிடும்ல தங்கச்சி" என்றார், என் அறியாமைக்கு இரங்கி.

கண்டக்டரிடம் முறையிட்டேன். "செக்கிங் எடம் வந்தா நானே சத்தம் போடுறேன் மிஸ். அப்ப எல்லாரும் போட்டுக்குவாங்க."

வைரஸும் அந்த இடத்தில்தான் பஸ் ஏறும் போலிருக்கிறது!

எழுந்து நின்றேன். எந்த சர்ச், எத்தனை மணிக்கு ஞானஸ்நானம் என்பதையெல்லாம் சொல்லி, "நான் போயி பச்சக் கொழந்தையத் தூக்கணும்! அதுக்கு ஒண்ணு ஆனா நீங்களா பொறுப்பு?" என்று கேட்டேன்.

"என்னா சொல்றீங்க? வெளங்கல!" என்றது பின்சீட்டு.

விளங்கட்டும் என்று மாஸ்க்கைக் கழற்றிக் கையில் பிடித்து, அதை ஆட்டி ஆட்டி முழங்கினேன். (அன்றைக்கு என் புத்தி அவ்வளவுதான்.) அந்த வேகத்தில் கண்டக்டர் "செக்கிங்! செக்கிங்!" என்று கத்தியது காதில் ஏறவில்லை. என் கண்ணெதிரே அத்தனை மாஸ்க்கும் ஒரேயடியாக மூக்குக்கு ஏறின. பேச்சுக்குக் கிடைத்த பலன் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

"நங்கி, கோ மாஸ்க் எக?" தங்கச்சி, மாஸ்க் எங்கே என்று சிங்களத்தில் கேட்டபடி, எனக்குப் பின்னால் சுகாதாரப் பரிசோதகர். அந்த பஸ்ஸிலேயே மூக்கு தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

சிங்களத்தில் விளக்கினேன். தமிழில் விளக்கினேன். பஸ்ஸையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! கடலை அம்மா மட்டும், "இந்தக் காலத்துப் புள்ளைங்க எங்க, சேர், சொன்னாக் கேக்குதுங்க?" என்றார்.

இறக்கப்பட்டேன். வெயிலில் நிறுத்தி, மாஸ்க் போடும் முறையை அவர் எனக்குச் செய்து காட்டினார். எனக்கு! அவர் முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது, வெள்ளை உடுப்போடு.

அடுத்த பஸ்ஸில் அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தை வெள்ளை உடுப்பில்தான் இருந்தது. அதன் பக்கத்தில், மெழுகுதிரியைப் பிடித்தபடி வெங்காய அண்ணன்! நான் கத்திய சர்ச் பெயரை நினைவில் வைத்துப் பையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஃபாதர் காத்திருக்க மாட்டார் என்று அத்தானின் தங்கை என் இடத்தில் நின்றிருக்கிறாள். பத்தாவது ஆளாக இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். முகத்தில் மாஸ்க் அம்சமாக இருந்தது.

நன்றி சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? ஆனால் நான் வருவதற்குள் அவர் கதையைச் சொல்லி முடித்திருந்தார். "நாங்க எல்லாரும் எவ்வளவோ சொன்னோம். தங்கச்சிதான் மாஸ்க் போட மாட்டேன்னு ஒரே சண்ட."

"அக்கா, இல்லக்கா, நான் வந்து..."

"நீ பேசாத. மொதல்ல மாஸ்க்கப் போடு" என்றாள் அக்கா.

இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அந்த அண்ணனுக்கு அழைப்பு உண்டு. வந்ததும் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். தேத்தண்ணீர் கொடுப்பது நான். வருடத்துக்கு வருடம் அதில் என் அட்டகாசம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியாகச் சொன்னபோது, நான் பரிசோதகரின் கையைக் கடித்துவிட்டேன்.

கேட்டு முடித்த பிள்ளை நேரே என்னிடம் வந்தாள்.

"எந்தக் கைய சித்தி கடிச்சீங்க?"