ரிஜெக்ட் கட்டுக்குள் ஒரு நல்ல பீஸ்

“சும்மா தொடறாங்க. இதுக்குப் பேரு வைத்தியமா?” என்று மனைவியின் காதில் முணுமுணுத்தான் பிரபாகர்.

பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் அவன். துணியில் ஓட்டை தேடித் தேடி, மனிதர்களிடமும் தேடப் பழகியிருந்தான். கைக்குழந்தை தரணிக்குக் கழுத்து ஒரு பக்கமே திரும்பியது. வலது மார்பில் போட்டால் குடிக்காமல் அலறினாள். எடை ஏறவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு டப்பாப் பால்தான் என்று குழந்தை டாக்டர் சொன்னதிலிருந்து மனைவி தேவிப்பிரியாவுக்கு ஒரே அழுகை.

அதனால்தான் தசை இறுக்கத்தைக் கையாலேயே தளர்த்தும் ஆஸ்டியோபதி நிபுணர் சத்யப்பிரியாவிடம் வந்திருந்தார்கள். அவர் தரணியின் தாடைக்கடியில் இரண்டு விரலைச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு தேவியின் தோள்பட்டையை மெதுவாக அமுக்கிவிட்டார். அவ்வளவுதான்.

“இந்த இடத்தை உனக்கு யாரு சொன்னது?” என்றான் பிரபாகர், வெளியே வந்ததும்.

“தெரிஞ்சவங்கதானுங்க.”

“பேரு இல்லியா அவங்களுக்கு?”

“தெரிஞ்சவங்கன்னா உடுங்களேன்.”

கமிஷன் என்று முடிவு கட்டினான்.

அன்று சாயங்காலமே தரணி வலப்பக்கமும் குடித்தாள். தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிரபாகருக்குச் சந்தேகம் இரட்டித்தது.

“மயக்க மருந்து எதையோ தடவியிருக்காங்க. இனி அங்க போக வேண்டாம்.”

போகவில்லை. மறுபடி அலறல். போதாததற்குப் பால் கட்டிக்கொண்டு தேவிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

“எந்தங்கச்சி வினிதா பையனப் பாரு. ஒரு வைத்தியமும் இல்லாம என்னமா குடிக்கறான்! ரித்தீஷுதான் சாம்பிள் பீஸு” என்றான் பிரபாகர்.

தேவி ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அவனுக்கு யோசனை உதித்தது. செக்கர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று சோதிக்க, ரிஜெக்ட் கட்டுக்குள் நல்ல பீஸ் ஒன்றைச் செருகி வைப்பது அவன் வழக்கம். அதையும் டேமேஜ் என்று தள்ளினால் ஆள் மாட்டிக்கொள்வார்.

“தேவிக்கு ஆறுதலா இருக்கும், பையனக் கொஞ்ச நேரம் குடு அம்மிணி” என்று வினிதாவிடம் ரித்தீஷை வாங்கினான். தரணியின் குல்லாயை மாட்டினான். கொழுகொழுவென்ற அந்தத் தலையில் அது பாதிதான் ஏறியது. அந்தப் பக்கம் போன கம்பெனி வேனில் ஏறிக்கொண்டான். வழியெல்லாம் பையன் அழுதான். மாமன் சட்டையையும் நனைத்தான்.

“அதே கழுத்துதானுங்க. பாத்துச் சொல்லுங்க.”

மேசையில் கிடத்தியதும் ரித்தீஷ் அழுகையை நிறுத்தி, சத்யப்பிரியாவைப் பார்த்துச் சிரித்தான். அவர் துணியை விலக்கினார். பிரபாகரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் நல்லாத் திரும்புதுங்க. இவனுக்கு ஒண்ணும் தேவையில்லை. பாவம், தரணியைக் கூட்டிட்டு வாங்க.”

பிரபாகருக்கு வியர்த்துவிட்டது. செக்கர் பாஸ்! ஆனாலும் விட மனம் வரவில்லை.

“அதெப்படிங்க? யாரு கையும் படாத பையன் இவன். இவனே நல்லா இருக்கறப்ப எம்பொண்ணுக்கு மட்டும் எதுக்குங்க வைத்தியம்?”

சத்யப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டார். அடுத்தவரை உள்ளே அனுப்பலாமா என்று கேட்க வந்த ரிசப்ஷன் அன்புசெல்விக்கு அப்படி அடக்கத் தெரியவில்லை.

“அட, நம்ம ரித்தீஷ் கண்ணு! அப்பக் கழுத்தையே திருப்ப மாட்டான், இப்பப் பாருங்க! ஏனுங்க, வினிதாக்கா வர்லீங்களா? அவங்க அண்ணன் மகா சந்தேகப் பிராணியாம், அவருக்குத் தெரியாமத்தான் தூக்கிட்டு வருவாங்க. நீங்க அவரப் பாத்தா வாயத் தொறந்துராதீங்க!”