செல்வி கேட்டது சாதா போல்ட்டு

மரியாதைக்குரிய அத்தான் சுப்புராஜ் அவர்களுக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து மைத்துனன் தங்கதுரை பணிவுடன் எழுதிக்கொள்வது. தென்காசியில் அக்காவும் தாங்களும் சௌக்கியமாக இருக்க இசக்கியம்மன் துணை. இங்கு நானும் மாயம்மாளும் உடம்புக்குச் சௌக்கியம், மனசுக்கு இல்லை. போனில் சொன்னால் அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு அழுவாள் என்பதால் கடிதம்.

விஷயம் தங்கள் மகள் இசக்கிசெல்வியைப் பற்றியது. என் வீட்டில் தங்கி, வல்லார்பாடம் பக்கம் ஹைட்ரஜனில் படகு ஓட்டப் பார்க்கும் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறாள், தாங்கள் அறிந்ததே. அந்த ஹைட்ரஜன் இருக்கே அத்தான், கண்ணுக்குத் தெரியாது, வாடை கிடையாது, தீப்பிடிச்சாக்கூடப் பகல்ல தீ தெரியாதாம். ஒழுகினா நாறணும், அதுதானே ஒரு கேஸுக்கு மரியாதை? உலகத்திலேயே பொடிசு அதுதானாம், எந்த ஜாயிண்டுலயும் நுழைஞ்சு வெளிய போயிருமாம். அதைப் பிடிச்சு, லாரி டயர் காத்தைவிட அம்பது மடங்கு இறுக்கி டாங்குல அடைச்சாத்தான் படகு நாலு நடை போகுமாம்.

அந்த டாங்குப் பைப்பை முறுக்க போல்ட்டு வேணும்னு என் கடைக்கு வந்தா. "மாமா, சாதா இரும்புல கொடுங்க. ரொம்ப வலுத்தது வேண்டாம், முலாமும் வேண்டாம்"னா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பஜார்ல இத்தனை வருஷமா இரும்பு விக்கிறவன், அக்கா மகளுக்குப் போயி சாதாவைக் கொடுப்பேனா? நாளைக்கு நீங்களே கேக்க மாட்டீங்களா? இருக்கிறதுலயே வலுத்த போல்ட்டா எடுத்து, கலூர்ல ஒரு பட்டறையில சொல்லி முலாம் பூசி, கொலுசு கணக்கா மின்ன வச்சு, அவ கோயில் கொடைக்கு ஊருக்கு வந்திருந்த சமயம் பாத்து கம்பெனி வண்டியில ஏத்திவிட்டேன். பிள்ளை திரும்பி வந்து பாத்து அசந்து போகட்டும்னு நெனச்சேன்.

அசந்துதான் போனா. ஆளுக முறுக்கி வச்ச மறுநாளே ஒண்ணொண்ணா பொட்டு பொட்டுனு தெறிச்சுப் போச்சாம். நல்லவேளை, அதுவரைக்கும் கேஸ் ஏத்தலை. துரு இல்ல, வளைவு இல்ல, கல்கண்டு உடைஞ்ச மாதிரி கிடக்கு. மேனேஜர் சேட்டன் கடைக்கே வந்து, நாலு பேரு பாக்க, "சேட்டா, இது போல்ட்டாணோ, பப்படமாணோ?"ங்காரு. என் மானம் போனாக்கூடப் பரவாயில்ல. மாமன் கடைச் சரக்கை ஏன் எடுத்தேன்னு செல்வியைப் போட்டு உலுக்குதாங்க. வேலையே போயிரும் போல இருக்கு.

இந்த நேரத்துல பிள்ளை மாமனுக்குப் பரிஞ்சு ஒரு வார்த்தை பேசணுமா, வேண்டாமா? எனக்கே பாடம் எடுக்கா! முலாம் பூச ஆசிட்ல முக்கும்போதே ஹைட்ரஜன் இரும்புக்குள்ள போயி உக்காந்துக்கிடுமாம். இரும்பு எம்புட்டு வலுவோ அம்புட்டு சீக்கிரம் உடையுமாம், மெத்துன இரும்புதான் பொறுத்துக்கிடுமாம். எந்த ஊரு நியாயம் அத்தான் இது? இரும்பு துருப்பிடிச்சுச் சாகும், தேஞ்சு சாகும். காத்து புகுந்து செத்த இரும்பை நான் பாத்ததே இல்ல.

கம்பெனிக்கு அனுப்பினதுல மிஞ்சின நாலு முலாம் போல்ட்டை, இருக்கிற பலமெல்லாம் கூட்டி முறுக்கி, நேத்துதான் வீட்டு ஊஞ்சலை மாட்டினேன். அதுல ஆடிக்கிட்டேதான் இதை எழுதுதேன். கிண்ணுனு நிக்கி! அப்போ குத்தம் என் போல்ட்டு மேல இல்ல, அந்த ஹைட்ரஜன் டாங்கு மேல. ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போயி, பாங்கு பரீட்சைக்குப் படிக்க வைக்கவும். அக்காவுக்கு என் கும்பிடு. அம்மன் எல்லாரையும் நோய்நொடி இல்லாமக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன் தங்கதுரை

பின்குறிப்பு: நான் சொல்லச் சொல்ல இதை மாயம்மாள் எழுதுதா. என் வலது கை கட்டுல கிடக்கு. கையெழுத்தைப் போட்டுட்டு, சந்தோஷமா ஒரு ஆட்டு ஆட்டினேன். ரெண்டு போல்ட்டு போச்சு. துரு இல்ல, வளைவு இல்ல. சத்தம் கேட்டு ஓடி வந்த செல்வி, கீழ கிடந்த மாமனைத் தாண்டிப் போயி உடைஞ்ச துண்டைத்தான் மொதல்ல எடுத்தா. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "மாமா, நம்ம வீட்டுல ஹைட்ரஜன் டாங்கு எங்க இருக்கு?"

நாளைக்கு அந்தத் துண்டை எடுத்துக்கிட்டு, பிள்ளை சாதாதான் கேட்டுச்சுன்னு சேட்டன்கிட்ட நானே சொல்லப் போறேன். மேல எழுதினதைக் கிழிச்சுப் போடுன்னா, அக்கா படிச்சுச் சிரிக்கட்டும்னு மாயம்மாள் கிழிக்க மாட்டேங்கா. நீங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வராதீங்க. என்னைப் பாக்க வந்தா, தரையிலதான் உக்காரணும்.