ஏணியில் பத்தாவது இன்னிங்ஸ்

நேற்று பேஸ்பால் ஆட்டத்தில் அம்பயர் செய்த அக்கிரமம் ஹார்லனுக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு சாண் வெளியே போன பந்து. அதை நேரே வந்த பந்து, ஸ்ட்ரைக் என்று சொல்லிவிட்டார் புண்ணியவான். தலைக்கவசத்தைத் தட்டி ரிவ்யூ கேட்கலாமென்றால், நம்மூர்ப் பையன்கள் இருந்த இரண்டையும் ஆரம்பத்திலேயே தொலைத்திருந்தார்கள். இன்று மதியம் ஒரு மணிக்குக் கடைசி ஆட்டம். தோற்றால் இந்த வருஷம் அவ்வளவுதான்.

அவர் மனைவி டோரீனும் அதே ஒரு மணியைத்தான் குறித்து வைத்திருந்தாள். கூரையோர மழைநீர் வாய்க்கால் முழுக்க மேப்பிள் இலை அடைத்துக் கிடந்தது; ஹார்லன் ஏறி அள்ளியாக வேண்டும்.

"சீசன் முடியட்டும்னு சொன்னேன்ல?"

"ஆகஸ்ட்லேர்ந்து சொல்றே. ஒரு மணிக்கு ஏணி. அவ்வளவுதான்."

"வீட்லயும் அம்பயர் அராஜகமா? இன்னையிலேர்ந்து இங்கயும் ரிவ்யூ உண்டு. ஆளுக்கு ரெண்டு. தலையைத் தட்டணும். ஜெயிச்சா கையில இருக்கும், தோத்தா போச்சு."

"யாரு பாத்துச் சொல்றது?"

"வாசல் கேமரா."

டோரீன் உடனே ஒத்துக்கொண்டாள். அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு, "குப்பைத் தொட்டியை நீ வெளிய வைக்கல" என்றாள். தட்டினார். கேமராவில் பைஜாமாக்காரர் ஒருவர் தொட்டியைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், உள்ளே போனார்.

பத்து மணிக்கு, "நாயை நாலு நிமிஷம்தான் வெளிய கூட்டிட்டுப் போனே."

"அரை மணி நேரம்!" தட்டினார்.

கேமராக் கணக்கில் மூன்றரை நிமிஷம்.

"மன்னிச்சுக்க கண்ணு, அரை நிமிஷம் கூட்டிச் சொல்லிட்டேன்."

ஒரு மணிக்கு ஏணி வந்தது. ஹார்லன் தலையைத் தட்டினார்.

"சும்மா தட்டாதே, வலிக்கும். உன்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல."

நேற்று அந்தப் பையன்களைத் திட்டிய வார்த்தைகளெல்லாம் அவருக்கே திரும்பி வந்தன. ஆனாலும் ஏணியை அவர் இடம் பார்த்துத்தான் சாத்தினார். மூன்றாவது படியில் நின்றால் ஜன்னல் வழியே டிவி முழுசாகத் தெரிந்தது. அவருடைய நாற்காலியில், அவருடைய பீரோடு டோரீன் உட்கார்ந்திருந்ததும் தெரிந்தது.

ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் முடிந்து இரண்டு பக்கமும் சமன். ஹார்லன் கண்ணாடியை இடித்தார்.

"டோரீன்! பத்தாவது இன்னிங்ஸ்! ரிவ்யூ தீந்தவனுக்குப் புதுசா ஒண்ணு தரணும். அதான் விதி!"

"தெரியும். எடுத்துக்க."

"வாய்க்கால் சுத்தமாயிடுச்சு. உள்ள வரேன்."

"ஆகல."

இறங்கி வந்து இரண்டு கையாலும் தலையைத் தட்டினார்.

டோரீன் கைபேசியோடு வந்து வாசலை மறித்துக்கொண்டாள். படம் ஓடியது. மூன்றாவது படியில் ஒரு முதுகு. முதுகு அசையவில்லை. கை மேலே போகவே இல்லை.

"போதும், ஒத்துக்கறேன்! அங்க மூணாவது பேஸ்ல ஆள் நிக்கிறான், ஓடி வந்தா ஒரு ரன், விடு!"

"முழுசாப் பாக்கணும். அரைகுறையாப் பாத்துத் தீர்ப்பு சொல்றதுதானே அராஜகம்?"

உள்ளே டிவியில் கூட்டம் ஓவென்று அலறியது. பிறகு விளம்பரப் பாட்டு.

"ஐயோ, யாரு ஜெயிச்சா?"

"நான்தான்" என்றாள் டோரீன். "ஏறு."