தாம்பாளத்தில் வந்த கழிச்சல்

கோழிக் கொட்டகைக்குப் புதுமனை புகுவிழா நடத்தியவன் காரைக்குடி வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தது சரியாகப் பன்னிரண்டு நாள்.

எங்களுடையது தச்சுவேலைக் குடும்பம். “இனி இழைப்புளியைத் தொட மாட்டேன்” என்று அப்பாவிடம் வீரம் பேசிவிட்டு, புதுவயலைத் தாண்டிக் கொட்டகை போட்டேன். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும்; நான் வளர்த்துத் தர வேண்டும். முதல் பேட்ச் தேறினால்தான் அடுத்தது வரும். தேறாவிட்டால் மறுபடியும் இழைப்புளி.

குஞ்சு இறங்கிய அன்றே விழா. வாழைமரம் கட்டிப் பால் காய்ச்சினோம். (ஹோமப் புகை குஞ்சுக்கு ஆகாது என்று என் மனைவி மீனா தடுத்துவிட்டாள். அந்தக் கூட்டத்துக்கு மூளையையும் எடுத்து வந்தவள் அவள் ஒருத்திதான்.) சொந்தபந்தம் அத்தனையும் செருப்புக் காலோடு உள்ளே புகுந்து, குஞ்சுகளைத் தூக்கிக் கொஞ்சி செல்ஃபி எடுத்தது.

அடுத்து தாய்மாமன் சீர். மாமாவும் கீழச்சிவல்பட்டிப் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருப்பவர். தாம்பாளத்தில் தேங்காய் பழத்துக்கு நடுவே, குஞ்சுகள் தண்ணீர் குடிக்கும் டப்பாக்கள் நான்கு, மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. எல்லாம் அவர் கொட்டகையில் புழங்கியவை.

“ராசியான டப்பா மாப்ள. கழுவிக் கிழுவி ராசியைப் போக்கிறாத!”

நான் கழுவவில்லை. பெரியவர்கள் சொல்லை மீறாத பிள்ளை.

பன்னிரண்டாம் நாள் பார்த்தால், பாதிக் குஞ்சுகள் வளர்ந்திருந்தன. மீதி, வந்த அன்று இருந்த அளவிலேயே நின்றன. இறகுகள் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன. எச்சம் தண்ணீராகப் போனது.

“என்னங்க, போட்ட தீவனம் போட்டபடியே வருது. அள்ளித் திரும்பப் போட்டுறலாம் போல” என்றாள் மீனா. உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன்.

கம்பெனி டாக்டர் வந்து, செத்த குஞ்சு ஒன்றை வாசலிலேயே அறுத்தார். குடல் வெளுத்துக் காகிதம்போல் மெலிந்திருந்தது. உள்ளே தண்ணீரும் செரிக்காத தீவனமும்.

“குடல்ல வைரஸ் மாதிரி தெரியுது. லேபுக்கு அனுப்பிப் பாப்போம். இதுக்கு மருந்து கிடையாது. வெளியாளு யாரும் உள்ள வந்தாகளா?”

“வெளியாளா? சேச்சே! எல்லாம் சொந்தக்காரவுகதான் சார்” என்று விழா வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.

என் அத்தைகள் குஞ்சுக்கு முத்தம் கொடுத்த இடத்தில் டாக்டர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சீர்த் தட்டு வந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

“இது யாரு?”

“தாய்மாமன் சார். பண்ணைதான் வச்சிருக்காக.”

“அவுக கோழி எப்படி இருக்கு?”

ஸ்பீக்கரில் மாமாவைப் பிடித்தேன். “அதை ஏன் கேக்குற மாப்ள! உன் விசேசத்துக்கு முன்னாடியே கழிய ஆரம்பிச்சிருச்சு. நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னுதான் சொல்லலை!”

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாரும் நோயைத் தெரியாம வாங்குவாக. நீங்க வாழைமரம் கட்டித் தாம்பாளத்துல வாங்கியிருக்கீக!”

தேறாத குஞ்சுகளைக் கழித்துப் புதைத்தார்கள்; மற்றவை எடை குறைவாக லாரி ஏறின. லேப் முடிவும் வைரஸ் என்றே வந்தது. கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காயப் போட்டால், கம்பெனியில் பேசி இன்னொரு பேட்ச் வாங்கித் தருவதாகச் சொன்னார் டாக்டர். “வெளியாளு யாரும் வரக்கூடாது. முக்கியமா உங்க மாமா!”

தாய்மாமனிடம் ‘என் வாசலை மிதிக்காதே’ என்பதா? எங்கள் பக்கம் அதற்கு உறவை அறுப்பது என்று பொருள். அவர் பண்ணைக் கேட்டுக்கு வெளியே நின்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். முடிந்தது உறவு என்று நினைத்தேன்.

“அட போ மாப்ள! உன்னைய உள்ள விடக்கூடாதுன்னு எங்க கம்பெனியிலயும் சொல்லிட்டாக. எப்படிச் சொல்றதுன்னு நாலு நாளா எனக்குச் சோறு எறங்கலை!”

அடுத்த பேட்ச் வந்தது, தேறியது. இழைப்புளி அப்பாவிடமே இருக்கிறது. மாமாவும் நானும் இப்போது திருப்பத்தூர் ரோட்டு டீக்கடையில்தான் சந்திக்கிறோம்; அதுவும் டாக்டர் சொன்னபடி, குளித்து, சட்டை செருப்பு எல்லாம் மாற்றிக்கொண்டு. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் மீனா இதை எடுத்துவிடாமல் பந்தி முடிவதில்லை:

“என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட இவுக இப்படிக் குளிச்சுக் கெளம்பலை!”