ஓதச் சுவரில் ஓர் அம்மன்

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், நெசவாளி வெங்கடேசன் வீட்டுத் தறிக்கூடத்துச் சுவரில் அம்மன் தோன்றிவிட்டாள். கறுப்புக் கூந்தல், கழுத்தில் பச்சை மாலை. சிலருக்கு மூக்கு தெரிந்தது, சிலருக்கு மூக்குத்தியே தெரிந்தது. ஒன்றும் தெரியாதவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெரியவில்லை என்றால் பாவி என்று பெயர் வருமே! திருப்புலிவனத்திலிருந்து ஷேர் ஆட்டோ, பழையசீவரத்திலிருந்து வேன். தெருமுனையில் இளநீர்க் கடைகூட வந்துவிட்டது.

அம்மனைக் கண்டுபிடித்தவர் வேதாசலம். போன வருஷம் வரை செல்போன் கடை வைத்திருந்தார். இப்போது சுவர்ச்சித்தர். சிக்னல் மட்டும் மேலிடத்திலிருந்து வருகிறதாம்.

ஜன்னலைத் திறக்கக் கூடாது, அம்மனுக்குக் காற்று ஆகாது என்றார். சுவரைத் துடைத்தால் குடும்பம் விளங்காது என்றார். காலையும் மாலையும் அவர் விற்கும் மஞ்சள் தண்ணீரைச் சுவரில் தெளிக்க வேண்டும். தெளிக்கத் தெளிக்க அம்மன் வளர்ந்தாள். ஈரத்தை ஊற்றினால் வளராமல் என்ன செய்வாள்?

ஜன்னல் விஷயத்தில் வெங்கடேசனுக்கு மறுப்பே இல்லை. காற்றடித்தால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு காய்ந்து இழை அறும் என்று எப்போதுமே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடித்தான் வைத்திருந்தான். இழை அறவில்லை. ஆனால் அந்த அறையில் படுக்கும் மகள் பூஜாவுக்கு மூச்சு இழுத்தது.

"அது இழுப்பு இல்லம்மா. அம்மன் கொயந்த வயியா பேசுறா" என்றார் சித்தர்.

"பேசுறாளா? நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டுக்கினு கீது சாமி!" என்றாள் பூஜாவின் அம்மா சுதா.

"மாத்திர கீத்திர குடுத்துடாத. கோவிச்சுக்குவா."

சுதா யாரிடமும் சொல்லாமல் குழந்தையை டாக்டரிடம் தூக்கிப்போனாள். அவர் மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்ல ஓதம் இருக்கா? சுவர்ல ஈரம் ஊறுதா?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவள், அம்மன் சுவரின் மறுபக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே குளியலறை. சுவருக்குள் குழாய் கசிந்துகொண்டிருந்தது. குழாய்க்கு மேலே அதே கறுப்பு, அதே பச்சை. செல்போனில் கிட்டப் போய் ஒரு படமும், தள்ளி நின்று ஒரு படமும் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை. கூட்டம் தெருவை அடைத்திருந்தது. சுதா முதல் படத்தை நீட்டினாள்.

"சாமி, இன்னொரு எடத்துல அம்மன் வந்துகீறா. யாருன்னு பாத்து சொல்லுங்க."

சித்தர் கண்ணை மூடினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார். உடம்பு உதறியது.

"இவளுக்கு அக்கா! பத்து மடங்கு உக்கிரம்! எடம் எங்கன்னு சொல்லு, நானே அங்கப்பிரதட்சணம் பண்றேன்!"

"உருள எடம் பத்தாது சாமி. நடுவுல கக்கூஸ் கீது."

இரண்டாவது படம் கைமாறிக் கைமாறிப் போனது. குழாய், மக்கு, சோப்பு டப்பா, அவற்றின் நடுவே அக்கா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அம்மன் எங்க வேணா இருப்பா!" என்று சமாளித்தார் சித்தர்.

"அப்ப உள்ள வாங்க. நெத்திய வெச்சிக் கும்புடுங்க."

சித்தருக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

ஆரத்தித் தட்டோடு நின்ற பக்கத்து வீட்டு ஜெயம்மாள் கேட்டாள்: "அப்ப நான் இன்னாத்துக்குடி கற்பூரம் காட்டுனேன்?"

"பூசணத்துக்குத்தான் பெரிம்மா."

வெங்கடேசன் தயங்கினான். "ஜன்னலத் தொறந்தா பாவு அறுந்துடுமே?"

"பாவு அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். கொயந்த மூச்சு அறுந்தா எங்க முடிச்சுப் போடுவீங்க? தறிய மூடி வெச்சிட்டு ஜன்னலத் தொறங்க!"

அவன் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தான். குழாய் சரியானது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுவரைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் காயவிட்டார்கள். அம்மன் சாக்கடை வழியாகப் போய்ச்சேர்ந்தாள். மருந்தும் காற்றும் சேர, பூஜா இழுப்பில்லாமல் தூங்கினாள். அதைப் பார்த்த வெங்கடேசன் அழுதேவிட்டான்.

வேதாசலம் தாமல் பக்கம் புதுச் சுவர் தேடுவதாகக் கேள்வி. மழைக்காலம் வருகிறது, அவருக்குத் தட்டுப்பாடு இருக்காது. உங்கள் வீட்டுச் சுவரில் யாராவது தோன்றினால் தாராளமாகக் கும்பிடுங்கள். அதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் போய், குழாயை மட்டும் மூடிவிட்டு வாருங்கள்.