பேரனின் மஞ்சள் உடம்பும் என் உயர்ந்த ரத்தமும்

காஜா பேராங், மலாக்கா
14-11-1963

மரியாதைக்குரிய மச்சான் ஜெயபாலன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் சேதுராமனின் வணக்கம். புக்கிட் ரம்பாயில் அனைவரும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கேயும் சௌக்கியம்தான், ஆனால் நேற்றிலிருந்துதான்.

நம் மகள் விஜயாவுக்குப் பிறந்த ஆண் குழந்தையை ஆறாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம் அல்லவா, உங்கள் தங்கை ருக்மணி ஆசையோடு விஜயாவின் பழைய குழந்தைச் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைக்காமலே போட்டுவிட்டாள், பாச்சை உருண்டை வாசனை தெருமுனை வரை வந்தது, இரண்டே நாளில் பிள்ளை மஞ்சள் பூசியதுபோல் ஆகிப் பால் குடிக்கவும் விழிக்கவில்லை, நான் டாக்சி பிடித்து ஒற்றைச் செருப்போடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் தெய்வநாயகம் பிள்ளையை முகர்ந்து பார்த்து, "யாரு இந்தச் சட்டையைப் போட்டது?" என்றார். ருக்மணி அவசரமாகச் சட்டையைக் கழற்றினாள். குழந்தையின் ரத்தத்தையே மாற்றினார்கள், மச்சான். இரண்டு மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிழைத்துவிட்டான்.

பிறகு டாக்டர் சொன்னார்: "ரத்த அணுவைக் காப்பாத்துற ஒரு என்சைம் இவனுக்குக் கொறைச்சல். பரம்பரையா, தாய்கிட்டேயிருந்து மகனுக்கு வர்றது. பாச்சை உருண்டையும் சில மாத்திரையும் ஆகாது."

நான் தலை குனிந்தேன்.

"ஆனா மலேரியா இவங்க உயிரைச் சுலபமா வாங்காதுன்னு இப்ப எழுதுறாங்க. காய்ச்சல் அதிகமான ஊர்ல இந்தக் குறை இருந்தவங்க தப்பிச்சு வாழ்ந்திருக்காங்க."

நிமிர்ந்துவிட்டேன். அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டத்து லய வீடுகளெல்லாம் மலேரியாவில் போர்வைக்குள் நடுங்கியபோது, பால்மரம் சீவப் போனவன் நான் ஒருவன்தானே.

"டாக்டர், அது என் ரத்தம். மக வழியா பேரனுக்குப் போயிருக்கு."

"சோதிச்சுப் பாத்துடுவோம்" என்று எனக்கும் ருக்மணிக்கும் ரத்தம் எடுத்தார்.

அதிலிருந்து பசார் கடைத்தெருவில் தொடங்கிக் கிளேபாங் வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை கணேசமூர்த்தி, "மாமா, கொஞ்சம் மெதுவா" என்கிறார். ருக்மணிதான் குற்ற உணர்ச்சியில் சோறு தொடாமல் கிடக்கிறாள். "ஒனக்கு எப்படித் தெரியும்? கொசுவே பயந்த என் குடும்பத்துல வாக்கப்பட்டிருக்கே, சாப்பிடு" என்று தேற்றினேன்.

தங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி நீடு வாழ என் ஆசி.

இப்படிக்கு,
உயர்ந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரன்,
சேதுராமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சோதனை முடிவு வந்துவிட்டது. என் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லையாம். தோட்டத்துக் கொசு என்னை ஏன் விட்டுவைத்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. பேரனுக்கு இந்தக் குறை ருக்மணி வழியில் வந்ததாம். "யாரு குடும்பம்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். உங்களுக்கும் இருக்கலாம் என்பதால், எந்த மாத்திரையும் விழுங்காமல் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடவும். மேலே 'என் ரத்தம்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'உங்கள் ரத்தம்' என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.