இடது முன்சக்கரம்

ஆறாம் நாள் காலையிலும் அந்தச் சத்தம் வந்தது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் "கீச்" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று நின்று, மறுபடியும் கீச்சிட்டுக்கொண்டே நெருங்கியது. கட்டிலில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் பல்லைக் கடித்தார்.

முப்பது வருஷம் லிஃப்டுகளோடு மல்லுக்கட்டியவர். மூடியைக் கழற்றாமல், காதை வைத்தே பழுதைச் சொல்லிவிடுவார். என் காதை ஏமாற்ற இன்னும் எதுவும் பிறக்கவில்லை என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வசனம். அப்படிப்பட்டவரை ஓர் ஓட்டல் அறையில் பதினான்கு நாள் பூட்டிவைத்து, மூன்று வேளையும் வாசலில் எண்ணெய் காணாத தள்ளுவண்டியை உருட்டினால் மனுஷன் என்னதான் செய்வார்?

பூட்டிவைத்தது அந்த நாட்டுச் சட்டம். தொற்றுக் காலம். ஈ உள்ளே வந்தால்கூட அதன் பூர்வீகத்தை விசாரித்தார்கள். இங்கே வந்து சேர்வதற்குள் அவர் மூக்கில் மூன்று முறை குச்சி விட்டாகிவிட்டது. முதல் சான்றிதழ் எழுபத்திரண்டு மணி நேரத்தைத் தாண்டி நாற்பது நிமிஷம் ஆகிவிட்டதென்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அப்பா பெயர். பத்து வருஷத்துக்கு முன் காலமான அப்பாவுக்கு நோய் எதுவும் இல்லை, தாராளமாகப் பயணம் போகலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதுதான் கரைசேர்த்தது.

இறங்கியதும் நேராக இந்த அறை. வாசலில் சாப்பாட்டை வைத்து மூன்று தட்டுத் தட்டுவார்கள். ஒரு நிமிஷம் கழித்துத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் திறந்தால் கீழே வரவேற்பு மேஜையில் சிவப்பு விளக்கு எரியும். விதியை ஒருமுறை மீறினால் எச்சரிக்கை. மறுமுறை மீறினால், கழிந்த நாளெல்லாம் போய், மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

பதினைந்தாம் நாள் காலை விடுதலை. பதினாறாம் நாள் மகளுக்குக் கல்யாணம். இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் வேலை கிடைத்து இந்த நாட்டுக்குக் கிளம்பிய மகளிடம், "போறதுன்னா போ. இனிமே என் குரல் உன் காதுல விழாது" என்று சொன்னவர் அவர். கோபத்தில் விட்ட வார்த்தைதான். ஆனால் வீம்புக்காரர், சொன்னதைக் காப்பாற்றினார். அவள் போன் செய்தால் மனைவியிடம் நீட்டிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். எங்கே வேலை, என்ன வேலை என்றுகூடக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆளுக்குத்தான் அனுமதி என்று தெரிந்தபோது, மனைவிதான் போகப்போகிறாள் என்று அவரே பெட்டியைத் துடைத்து வைத்தார். மனைவி அந்தப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கா."

அவர் பெட்டியைத் திறந்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். இந்தக் கல்யாணத்துக்குப் போய்ச் சேராவிட்டால், பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் பேசுவது?

ஆகவே சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் கையும் காதும் சும்மா இருக்கவேண்டுமே.

முதலில் வரவேற்பு மேஜைக்குப் போன் போட்டுச் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் டாக்டர் கூப்பிட்டு, இந்தச் சத்தம் எத்தனை நாளாகக் கேட்கிறது, ஒரு காதிலா, இரண்டு காதிலுமா, யாராவது பேசுவது போலவும் இருக்கிறதா என்று விசாரித்தார். பதறிப்போன மெக்கானிக், இப்போது எதுவுமே கேட்கவில்லை என்று சாதித்தார். கேட்கவே இல்லையா என்று டாக்டர் இன்னும் கவலைப்பட்டு, தினம் ஒரு காதுப் பரிசோதனையைச் சேர்த்துவிட்டார்.

பிறகு, வண்டி தள்ளுகிறவரிடமே சொல்லிப் பார்த்தார். கதவிலிருந்த குட்டிக் கண்ணாடி வழியே பார்த்தால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை, முகக்கவசம், அதற்கு மேல் பெரிய கண்ணாடி. ஆணா பெண்ணா என்பதே நடையை வைத்துத்தான் தெரிந்தது.

"அம்மா, பழுது இடது முன்சக்கரத்துல. அச்சுல முடியோ நூலோ சுத்தியிருக்கும். அதை எடுத்துட்டு ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, போதும்."

பணியாளர்கள் வாசலில் நின்று பேசக் கூடாதென்பது விதி. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மறுவேளை சத்தம் இன்னும் பலமாக வந்தது.

வேலை தெரியாத பெண் போலிருக்கிறது என்று அவர் தினமும் பாடம் நடத்தினார். சக்கரத்திலிருந்து தொடங்கி லிஃப்ட் கயிறு, மோட்டார், எண்ணெயில் எத்தனை வகை என்று போய்க்கொண்டே இருந்தது. அவளும் பாவம், வண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நிற்பாள். பத்தாம் வகுப்பில் மகள் கணக்குப் போடும்போதுகூட அவர் இவ்வளவு நேரம் சொல்லிக்கொடுத்ததில்லை.

எட்டாம் நாள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை ஒரு பாட்டில் மூடியில் ஊற்றி, சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது வாசலில் வைத்தார். உள்ளேயிருந்து வெளியே வரும் எந்தப் பொருளும் நோய்ப் பொருளாம். உறை போட்ட மூன்று பேர் வந்து மருந்தடித்து, இரண்டு ஸ்பூன் எண்ணெயை மூன்று பைகளுக்குள் வைத்து எடுத்துப்போனார்கள். முதல் எச்சரிக்கை வந்தது.

"அங்க போயும் உங்களால சும்மா இருக்க முடியலையா?" என்றாள் மனைவி போனில். "அந்தப் பொண்ணு பாட்டுக்கு வேலையைப் பார்க்கட்டுமே."

பத்தாம் நாள்தான் புத்தி புல் மேயப் போனது. மூன்று தட்டுத் தட்டிவிட்டு, வண்டியை அவர் வாசலிலேயே விட்டு, அவள் அடுத்த அறைக்குத் தட்டை எடுத்துப்போனாள். எண்ணெயில் நனைத்த காகிதத்தோடு அவர் கதவைத் திறந்து சக்கரத்தின் முன் மண்டியிட்டார். ஒரு நிமிஷம் ஆகவில்லை என்பது மண்டியிட்ட பிறகுதான் உறைத்தது.

நிமிர்ந்தால் அவள் நின்றிருந்தாள். கண்ணாடிக்குள் ஆவி படிந்து கண்களே தெரியவில்லை. அறையைக் கையால் காட்டினாள். அவர் திருட்டுப் பூனை போல உள்ளே போனார்.

போன் வந்தது. விளக்கு எரிந்திருக்கிறது, பணியாளரின் அறிக்கை வந்ததும் முடிவு சொல்வோம் என்றார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. ஒரு சக்கரத்துக்காக மகள் கல்யாணத்தைத் தொலைத்தேனே என்று கட்டிலில் கிடந்தார். மறுநாள் முடிவு வந்தது. தள்ளுவண்டி இடித்ததால் கதவு திறந்துகொண்டதாகவும், தவறு தன்னுடையதே என்றும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாளாம்.

யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டார். மதியம் வண்டி வந்து நின்றதும் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அம்மா, எனக்காகப் பொய் சொல்லியிருக்கே. என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்திருக்கேன். அவகிட்ட நான் பேசி மூணு வருஷமாச்சு. தப்பு அவமேல இல்ல. என் வாய்தான் பழுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சாப்பாடு ஆறுகிற அளவுக்கு வண்டி அங்கேயே நின்றது. பிறகு கீச்சிட்டுக்கொண்டு போனது. அன்று அந்தச் சத்தம் அவருக்கு எரிச்சலாக இல்லை.

பதினைந்தாம் நாள் காலை பெட்டியோடு கீழே வந்தார். வரவேற்பு மேஜைக்காரர் விடுதலைத் தாளில் முத்திரை குத்தினார். மெக்கானிக் தயங்கி நின்று, சாப்பாடு கொண்டுவந்த பெண்ணைப் பார்த்து ஒரு நன்றி சொல்ல முடியுமா என்று கேட்டார். கூடவே, போகிற போக்கில் அந்த இடது முன்சக்கரத்தைத் தானே சரிசெய்து கொடுப்பதாகவும் சொன்னார்.

"அவங்க இன்னைலேருந்து லீவு சார், நாளைக்குக் கல்யாணம்" என்றார் மேஜைக்காரர். "எண்ணெய் போட வந்த ஆளை மூணு தடவை திருப்பி அனுப்பினதே அவங்கதான். சக்கரம் கத்தினாத்தான் எங்கப்பா கதவுகிட்ட வந்து பேசுவாரு, அந்தக் குரலைக் கேட்டு மூணு வருஷமாச்சுன்னாங்க."